ஸ்மார்ட்வாட்சிலிருந்து ஃபிட்னஸ் வாட்சுக்கும், அங்கிருந்து பாதி வழி திரும்பியும்: பெங்களூரு அனுபவங்கள்

அல்சூரிலிருந்து:

எனக்கு வயது 46. அல்சூரில் வசிக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை நடந்து திரும்புவதில் தொடங்கி, கப்பன் பூங்காவில் 10 கிலோமீட்டர் ஓடும் அளவுக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளும் என் கையில் இருந்தது ஒரு ஸ்மார்ட்வாட்ச். அதன் பிறகு ஓட்டப் பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட ஃபிட்னஸ் வாட்ச் ஒன்றுக்கு மாறி, எட்டு மாதங்கள் கழித்துப் பழையதை மறுபடியும் அலமாரியிலிருந்து எடுத்தேன். எந்த நிறுவனத்தையும் குறை சொல்வது என் எண்ணமில்லை என்பதால், நான் வைத்திருக்கும் இரண்டின் பெயரையும் குறிப்பிடவில்லை.

மாற வேண்டும் என்ற எண்ணம் இதயத் துடிப்பில்தான் தொடங்கியது. எங்களுக்குப் பயிற்சி தருபவர், வாரத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும் என்பார். நானும் பக்கத்தில் ஓடும் தோழியிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் ஓடினேன். ஆனால் கடிகாரமோ 166, 168, 170 என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பயந்து வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் எண் இறங்கவில்லை. கடைசியில், ஓட வந்த இடத்தில் பாதி தூரம் நடந்துவிட்டு மனம் சோர்ந்து வீடு திரும்பிய காலைகள் பல உண்டு. ஒரு நாள் அந்தத் தோழி, நெஞ்சைச் சுற்றிக் கட்டித் துடிப்பை அளக்கும் தன்னுடைய மார்புப் பட்டையைக் கொடுத்துக் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னாள். பட்டை காட்டியது 138. அதே நொடியில் மணிக்கட்டில் 168. நிமிடத்துக்கு என் காலடிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். அதுவும் ஏறத்தாழ 168 ஆகவே இருந்தது.

கடிகாரத்தின் அடியில் எரியும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஓடும் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. கடிகாரத்தின் பட்டை தளர்ந்திருந்தாலோ, குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, கை வீச்சின் சீரான அதிர்வு அந்த மெல்லிய மாற்றத்தை மூழ்கடித்துவிடும். அப்போது கருவி காலடியின் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பெங்களூருவில் ஓடுபவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே வாங்குவதால் இந்தக் குழப்பம் அதற்கு வருவதில்லை. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத இதயத் துடிப்பு மானியை 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓட்டக்காரர்கள் பட்டையை விடாததற்குக் காரணம் இதுதான்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிட்னஸ் வாட்சிலும் அதே பச்சை விளக்குதான் இருக்கிறது. அதுவும் தவறு செய்கிறது. மார்புப் பட்டையைப் பல ஸ்மார்ட்வாட்சுகளும் ப்ளூடூத் வழியாக ஏற்கின்றன. ஆகவே துடிப்பு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் யாராவது புதுக் கடிகாரம் வாங்க நினைத்தால், முதலில் ஒரு பட்டை வாங்கிப் பாருங்கள் என்றே சொல்வேன். அதற்கும் முன்னால், இருக்கும் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். இதை எனக்கு யாராவது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் வருந்துகிறேன்.

பிறகு ஏன் மாறினேன் என்றால், பொத்தான்களுக்காகவும் இரவுக்காகவும். கண்டீரவா மைதானத்தில் 400 மீட்டர் சுற்றுகளை எட்டு முறை வேகமாக ஓடும் பயிற்சியில், ஒவ்வொரு சுற்றும் முடியும் கணத்தில் நேரத்தைப் பிரித்துப் பதிய வேண்டும். வியர்வை வழியும் விரலால் தொடுதிரையைத் தடவினால் அது ஒரு முறை பதியும், ஒரு முறை பதியாது. மே மாத மழையில் ஒரு நாள், சட்டைக் கையின் ஈரத் துணி திரையில் பட்டுப் பதிவே நின்றுபோய், ஏழு கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்றரைதான் கணக்கில் நின்றது. ஃபிட்னஸ் வாட்சில் கீழ் வலது ஓரத்துப் பொத்தானைப் பார்க்காமலே அழுத்துகிறேன். கட்டைவிரலுக்கு ஒரு சிறு சொடுக்கு உணர்வும் கைக்கு ஒரு சிறு அதிர்வும் தெரிகின்றன. கண் எதிரிலுள்ள கோட்டை விட்டு விலகுவதேயில்லை.

இரவு விஷயம் இதைவிடப் பெரியது. சாதாரண ஆப்பிள் வாட்சுக்கு அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம். 2022-ல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 255-க்குச் சொல்லப்படுவது 14 நாட்கள் வரை. என் ஸ்மார்ட்வாட்சும் அந்த ஒரு நாள் வகைதான். இரவில் சார்ஜரில் கிடக்கும் கடிகாரத்துக்கு நான் எப்படித் தூங்கினேன் என்பது தெரியாது. ஓய்வுநேரத் துடிப்பைத் தூக்கத்தில் அளக்க அதனால் முடியாது. ஃபிட்னஸ் வாட்சைக் கழற்றாமல் தூங்கத் தொடங்கிய பிறகுதான், காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவில் என் ஓய்வுத் துடிப்பு 57-லிருந்து 65-க்கு ஏறியிருந்ததைப் பார்த்தேன். மாத இறுதியில் கணக்கு முடிக்கும் வாரங்களில் தூக்கம் கெடுவதும், அந்த வாரத்து ஓட்டங்கள் கனப்பதும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைக் கண்ணால் கண்டேன். இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடிகாரத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது.

ஜிபிஎஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களுக்கும் மூங்கில் புதர்களுக்கும் அடியில் ஓடினால், என் பழைய கடிகாரத்தின் வரைபடக் கோடு அந்தச் சிவப்பு நூலகக் கட்டடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 என்னும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு எல்5 என்னும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்து வாங்கும் கருவிகள், கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலைப் பிரித்தறிவதில் தேறியவை. ஆனால் அது ஸ்மார்ட்வாட்சா, ஃபிட்னஸ் வாட்சா என்பதைப் பொறுத்ததில்லை, மாடலைப் பொறுத்தது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவிலும் அது இருக்கிறது; விலை குறைந்த ஃபிட்னஸ் வாட்சுகள் பலவற்றில் இல்லை.

இனி, திரும்பிய கதை. அம்மா வேலூரில் தனியாக இருக்கிறார்; சர்க்கரை நோயாளி. என் ஸ்மார்ட்வாட்சில் தனி ஈசிம், அதாவது கடிகாரத்துக்குள்ளேயே பதிந்த சிம், இருந்ததால், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடும்போதும் அவருடைய அழைப்பு மணிக்கட்டுக்கு வந்துவிடும். மாறியபோது இதை நான் யோசிக்கவே இல்லை. ஃபிட்னஸ் வாட்ச், போன் அருகில் இருந்தால்தான் அழைப்பைக் காட்டும். ஒரு சனிக்கிழமை 15 கிலோமீட்டர் முடித்துவிட்டு ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தபோது, மேசைமேல் இருந்த போனில் ஆறு தவறிய அழைப்புகள். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, முதலில் எனக்கும் பிறகு பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அழைத்திருக்கிறார். அக்கா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். "நீ ஓடப் போயிருப்பேன்னு தெரியும்மா, பரவாயில்லை" என்று அம்மா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலையே ஸ்மார்ட்வாட்சை எடுத்துச் சார்ஜரில் போட்டேன்.

இப்போது பகலில் ஸ்மார்ட்வாட்ச். இரவு ஒன்பது மணி முதல் மறுநாள் குளிக்கும் வரை ஃபிட்னஸ் வாட்ச், ஓடும்போது இடுப்புப் பையில் போன். பணம் இரண்டு மடங்கு செலவானது உண்மை. இன்னொரு தொல்லையும் உண்டு: இரண்டு செயலிகளும் இரண்டு விதமாகப் பேசும். உச்ச உழைப்பில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதைச் சொல்லும் விஓ2 மேக்ஸ் ஒன்றில் 33, இன்னொன்றில் 38. இந்த வேகத்துக்கு இந்தத் துடிப்பு என்ற கணக்கிலிருந்துதான் இரண்டுமே அதை ஊகிக்கின்றன. துடிப்பைத் தவறாகக் கூட்டி வாங்கிய கருவி என் திறனைக் குறைத்துச் சொன்னதில் வியப்பில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, பயிற்சிக் கணக்கு முழுவதையும் ஃபிட்னஸ் வாட்சிடம் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஜெயநகரிலிருந்து:

அல்சூர் சகோதரி எழுதியதைப் படித்தேன். நான் எதிர்த்திசையில் மாறியவன். வயது 64. 2022-ல் எனக்கு ஆஞ்சியோபிளாஸ்டி ஆனது. நடக்கச் சொன்னார்கள் என்று மகன் ஒரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய வாய்ப்பாட்டின்படி அது என் உச்சத் துடிப்பை 156 என்று வைத்துக்கொண்டது. நானோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவன். அந்த மாத்திரை துடிப்பு ஏறுவதையே அடக்கி வைக்கும். லால்பாக்கில் மூச்சு வாங்க நடந்தாலும் 108-ஐத் தாண்டாது. கடிகாரம் தினமும் "இன்றைய உழைப்பு போதாது" என்ற பாணியில் சொல்லிக்கொண்டிருக்க, நானும் அதை நம்பி வேகத்தைக் கூட்டினேன். அடுத்த பரிசோதனையில் இதய மருத்துவர் கேட்டுவிட்டுக் கடிந்துகொண்டார். டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிஎம்டி பரிசோதனை எடுத்த பிறகு, எனக்கு உரிய வரம்பை அவரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த எண்களை அமைப்பில் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், எந்தக் கடிகாரமாக இருந்தாலும் கட்டிய முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

நான் ஸ்மார்ட்வாட்சுக்கு மாறியது விழுதலைக் கண்டறியும் வசதிக்காக. ஆப்பிள் வாட்சில் இது 2018-ல் வந்த சீரிஸ் 4 முதல் இருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தானாகவே இயங்கும். என் பழைய ஃபிட்னஸ் வாட்சில் இருந்த விபத்து அறியும் வசதி, நடைப்பயிற்சியைப் பதிவில் போட்டிருந்தால் மட்டுமே வேலை செய்யும். குளியலறைக்குப் போகும்போது யார் பதிவை அழுத்திவிட்டுப் போகிறார்கள்? லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கிறதே, 300 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் பாறை, அதில் மழை விட்ட மறுநாள் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுவதற்கு முன்பே மணிக்கட்டில் தட்டி, "விழுந்துவிட்டீர்களா?" என்று கடிகாரம் கேட்டது. நலமாக இருக்கிறேன் என்று அழுத்தினேன். அழுத்தாமல் கிடந்திருந்தால் என் மகனுக்குத் தகவல் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் எடுக்கும் இசிஜி துடிப்பின் ஒழுங்கின்மையைக் காட்ட உதவும். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது அதில் விரலை வைத்துக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

நான் சைக்கிள் ஓட்டுபவன். என் அனுபவம் ஒரே வரிதான்: 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தில், 140-வது கிலோமீட்டரில் ஸ்மார்ட்வாட்ச் அணைந்துவிட்டது. வழியையும் அதிலேயே பார்த்துக்கொண்டு வந்ததால், ஒரு டீக்கடையில் போனைச் சார்ஜில் போட்டு முக்கால் மணி நேரம் இழந்தேன். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஃபிட்னஸ் வாட்ச்தான், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. நந்தி மலைக்கு ஏறி இறங்கி வருவதற்கு மட்டும் என்றால் இரண்டில் எதுவும் போதும்.

மீண்டும் அல்சூரிலிருந்து:

ஜெயநகர் ஐயாவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்ததும், என் ஸ்மார்ட்வாட்சை அம்மாவுக்கே கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதோடு இது இணையாது. தினமும் சார்ஜ் போடுவதும் அவருக்கு ஆகாத காரியம். ஆகவே இப்போதைக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். தினமும் ஓடக் கிளம்பும் முன் ஐந்தே காலுக்கு நானே அம்மாவுக்கு அழைத்து, காலைச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்ன எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, போனை இடுப்புப் பையில் செருகி, பிறகுதான் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துகிறேன். இன்று 112.