உதவி: 98இல் ரேடியோவில் பதிந்த 'ஆஷா' பாட்டு எந்த மிக்ஸ்?

மூடுபனி_கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். கார்னர்ஷாப் குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' பாட்டு பற்றி ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

என் சித்தப்பா கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். ராத்திரியில் ஷார்ட்வேவ் கேட்பார், பிடித்ததை டூ இன் ஒன்னில் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த செட்) பதிந்து வைப்பார். ஆஷா போஸ்லே என்றால் அவருக்கு உயிர். இங்கிலாந்தில் ஒரு குழு ஆஷாவைப் பற்றியே பாட்டு கட்டியிருக்கிறது, அதில் ஆல் இந்தியா ரேடியோவும் டூ இன் ஒன்னும்கூட வருகிறது என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அந்தக் கேசட் ஓடாத நாள் குறைவு. அட்டையில் 'பி.பி.சி. - ஆஷா - ஜன. 98' என்று எழுதியிருக்கிறார்.

சித்தப்பா இப்போது இல்லை. சித்திக்கு அடுத்த மாதம் எழுபது வயது. அவர் பதிந்த பாட்டுகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க நினைக்கிறேன். மற்றவை கிடைத்துவிட்டன, இந்த ஒன்றுதான் படுத்துகிறது. கேசட்டில் ஒரே இரைச்சல், சத்தம் போய்ப் போய் வருகிறது. சுத்தமான பிரதி தேடி, இணையத்தில் முதலில் கிடைத்ததைப் போட்டால் சித்தி, "இது இல்லப்பா, இதுல டிரம்ஸ் மண்டையைப் பொளக்குது" என்கிறார். ஆல்பத்தில் உள்ளதைப் போட்டால், "பாட்டு இதுதான், ஆனா இழுக்குது" என்கிறார். எனக்கோ கேசட்டில் இருப்பது ரீமிக்ஸ் மாதிரி வேகமாகத்தான் படுகிறது. ரேடியோவுக்கென்று வேறு ஏதாவது மிக்ஸ் போனதா?

கேத்தி_வானொலி:

வணக்கம். முதலில் பாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன், குழப்பம் பாதி தீரும்.

அசல் பாட்டு 1997இல் சிங்கிளாக வந்தது. பிரிட்டன் பட்டியலில் 60வது இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் பி.பி.சி. ரேடியோ 1இல் ஜான் பீல் என்ற அறிவிப்பாளரின் நேயர்களின் வருடக் கடைசி வாக்கெடுப்பில் அதுதான் முதலிடம். அப்புறம் நார்மன் குக், அதாவது ஃபேட்பாய் ஸ்லிம், அதை எடுத்து வேகத்தைக் கூட்டி, சுருதியை ஏற்றி, கனமான டிரம்ஸ் வைத்து ரீமிக்ஸ் செய்தார். 1998 பிப்ரவரியில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ரேடியோக்கள் அள்ளி வீசியது இந்த ரீமிக்ஸைத்தான். இன்றைக்கும் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுவே. உங்கள் சித்தியின் மண்டையைப் பொளந்தது அதுதான்.

அட்டையில் ஜனவரி என்று இருப்பதால் அசல்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். கடைக்கு வரும் முன்பே ரேடியோ நிலையங்களுக்கு இசைத்தட்டு போய்விடும். ரீமிக்ஸ் ஜனவரியிலேயே ஒலித்திருக்கலாம்.

பழைய_நாடா:

கேசட்டில் வேகமாகக் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து ரீமிக்ஸ் என்று சொல்லாதீர்கள். இந்தப் பாட்டில்தான் அந்தச் சோதனை செல்லாது. ரீமிக்ஸ் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் இருக்கும். வேகமாக ஓடும் கேசட்டில் அசல் பாட்டும் அப்படியேதான் கேட்கும். கேசட் தன் முறையான வேகத்தில் ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

இரண்டு கேள்வி. சித்தப்பா கரண்டில் பதிந்தாரா, செல் (பேட்டரி) போட்டா? இப்போது எந்த செட்டில் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள்?

மூடுபனி_கோத்தகிரி:

நன்றி அண்ணா. சித்தியிடம் கேட்டேன். கரண்டில் போட்டால் ஷார்ட்வேவில் 'ங்ங்' என்று உறுமும் என்று எப்போதும் செல்லில்தான் பதிவாராம். ஏரியல் கம்பியை வெள்ளி ஓக் மரத்தில் கட்டியிருந்தார், அது எனக்கே நினைவிருக்கிறது. கேட்கும்போது மட்டும் கரண்டில் போடுவார்களாம்.

பழைய செட்டில் பெல்ட் இளகிப் போய்விட்டது. ஊட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் இருந்த நல்ல டெக்கில் ஏற்றினேன். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை அதில் போட்டுப் பார்த்தோம், ஃபோனில் ஓடும் அதே பாட்டோடு சுருதி ஒட்டிப் போனது. டெக் சரியாக ஓடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

மலைரயில்_77:

உறுமல் என்றதும் ஒரு யோசனை. ஃபைலை ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமல் 50இல் நின்றால் கேசட் சரியான வேகம், 53இல் நின்றால் அந்த அளவுக்கு வேகமாக ஓடுகிறது. எளிய வழி.

மூடுபனி_கோத்தகிரி:

பார்த்தேன். மிகச் சரியாக 50இல் ஒரு கூம்பு நிற்கிறது. அப்படியானால் கேசட் வேகம் சரி, இது ரீமிக்ஸ்தானா?

பழைய_நாடா:

இல்லை, அவசரப்படாதீர்கள். செல்லில் பதிந்த கேசட்டில் மின்சார உறுமல் எப்படி ஏறும்? நீங்கள் பார்க்கும் 50, இப்போது ஓட்டிய டெக்கிலிருந்தோ கம்ப்யூட்டருக்குப் போகும் வயரிலிருந்தோ வந்தது. கேசட் எந்த வேகத்தில் ஓடினாலும் அது 50இலேயே நிற்கும். கேசட்டைப் போடாமல் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள், அதே கூம்பு இருக்கும்.

கரண்டில் பதிந்திருந்தாலும் இந்த விஷயத்தில் அதை நம்ப முடியாது. தொண்ணூறுகளில் தென்மாநில மின்கட்டத்தில் ஃப்ரீக்வென்சி 50க்குக் கீழே அடிக்கடி இறங்கும், 48ஐத் தொட்ட நாட்கள் உண்டு. அதை அளவுகோலாக வைத்தால் கணக்கு சில சதவீதம் தள்ளிப் போகும்.

செல் என்பதுதான் இங்கே பெரிய துப்பு. கேசட் ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. செட்டின் மோட்டாரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கும், செல் ஓரளவு இறங்கும் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் மோட்டார் தளரும். ஜனவரி மாதம் வேறு, ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலம். குளிரில் பழைய செல் இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். மெதுவாக ஓடும்போது பதிந்ததை, பிறகு கரண்டில் முழு வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். சித்தப்பா வீட்டில் நடந்தது அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு.

நம்பகமான அளவு ஒன்று வேண்டும். பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு என்ன பதிவாகியிருக்கிறது?

மூடுபனி_கோத்தகிரி:

பாட்டு முடிந்து ஒருவர் ஏதோ பேசுகிறார், அதன் மேலேயே வேறு நிலையம் ஏறிவிடுகிறது. அப்புறம் பேண்டு வாத்தியம் மாதிரி ஒரு துள்ளலான இசை, அதற்குப் பிறகு 'பிப் பிப்' என்று சத்தம், செய்தி தொடங்குகிறது. அங்கே நிறுத்திவிட்டார்.

கேத்தி_வானொலி:

அடடா, அதுதான் 'லிலிபுலேரோ'! பி.பி.சி. உலக சேவையின் அடையாள இசை. அதன் பின்னால் வரும் பிப்தான் உங்களுக்கு வேண்டிய அளவு. இந்தச் செய்திக்காகவே நாங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைப்போம். அங்கே மணி முழுசாக அடிக்கும்போது நமக்கு அரை மணி, எட்டரை, ஒன்பதரை என்று.

மொத்தம் ஆறு பிப். விநாடிக்கு ஒன்று. முதல் ஐந்தும் குட்டையானவை, ஆறாவது மட்டும் அரை விநாடி நீளம், அது தொடங்கும் நொடிதான் சரியான மணி. ஒவ்வொன்றும் 1000 ஹெர்ட்ஸ். ஆக முதல் பிப் தொடங்குவதிலிருந்து ஆறாவது தொடங்குவது வரை கச்சிதமாக 5 விநாடி இருக்க வேண்டும்.

பழைய_நாடா:

இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, முதல் பிப்பின் தொடக்கத்திலிருந்து ஆறாவதின் தொடக்கம் வரை தேர்வு செய்து நீளத்தைப் படியுங்கள். பிறகு ஆறாவது பிப்பை மட்டும் தேர்வு செய்து ஸ்பெக்ட்ரத்தில் உச்சி எங்கே என்று பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

மூடுபனி_கோத்தகிரி:

நீளம் 4.72 விநாடி. உச்சி 1059 ஹெர்ட்ஸ். இரைச்சல் இருந்தாலும் உச்சி தெளிவாகத் தெரிகிறது.

பழைய_நாடா:

அருமை. ஐந்தை 4.72ஆல் வகுத்தால் 1.059. அதிர்வெண்ணும் அதையேதான் சொல்கிறது. கேசட் 5.9 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அதாவது சித்தப்பா பதிந்தபோது நாடா விநாடிக்குச் சுமார் 4.5 செ.மீ. தான் ஓடியிருக்கிறது. சங்கீதக் கணக்கில் சரியாக அரைக்கட்டை ஏற்றம்.

இப்போது ஃபைல் முழுவதையும் தேர்வு செய்து, வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்டில் 0.944 கொடுங்கள். டெம்போ மட்டும் மாறும் எஃபெக்டைத் தொடாதீர்கள், சுருதி அப்படியே நின்றுவிடும். திருத்திய பிறகு ஆல்பப் பாட்டை ஒரு டிராக்கிலும் ரீமிக்ஸை இன்னொன்றிலும் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

கேட்கும்போது சிம்பல், ஹை-ஹேட் பக்கம் போக வேண்டாம். ஷார்ட்வேவில் மேல் ஒலிகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுத்தான் நமக்கு வரும். கிட்டாரையும் ஸ்நேர் டிரம்மையும் கவனியுங்கள். அசலில் கிட்டாரும் குரலும் முன்னால் நிற்கும், டிரம்ஸ் பின்னால் சாவகாசமாக நடக்கும். ரீமிக்ஸில் டிரம்ஸ்தான் முதலாளி. எவ்வளவு இரைச்சலிலும் இந்த வித்தியாசம் தப்பாது.

மூடுபனி_கோத்தகிரி:

கேட்டுவிட்டேன். திருத்திய பிறகு ஆல்பப் பாட்டோடு சுருதி அப்படியே ஒட்டுகிறது! டிரம்ஸும் அடக்கமாகத்தான் இருக்கிறது. அசல்தான், ரீமிக்ஸ் இல்லை.

மலைரயில்_77:

ஒரே ஒரு சந்தேகம். பிப் வைத்துக் கேசட்டின் வேகத்தைத்தான் அளந்தோம். அங்கே லண்டனிலேயே தட்டைத் தவறான வேகத்தில் போட்டிருந்தால்? ஜான் பீல் அப்படிப் போடுவதில் பேர் பெற்றவர், உலக சேவையிலும் அவருக்கு நிகழ்ச்சி இருந்தது.

கேத்தி_வானொலி:

நல்ல கேள்வி. ஆனால் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் போட்டால் 35 சதவீதம் வேகம் கூடும், குரல் அணில் கத்துவது போலாகிவிடும். திருத்திய பிறகு ஆல்பத்தோடு சுருதி ஒட்டுகிறது என்றால் லண்டனில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் வேறொன்றை யோசிக்கிறேன். சித்தி ஆல்பப் பாட்டை 'இழுக்குது' என்றாரே, அதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. வீட்டில் இத்தனை வருடம் ஓடியது அரைக்கட்டை ஏறிய அசல். அந்த வேகத்தில் எந்தக் கம்பெனியும் அந்தப் பாட்டை வெளியிடவில்லை. சித்தி கேட்டது அவர்கள் வீட்டில் மட்டுமே இருந்த ஒன்று. அவர் காது துல்லியமான காது, இரண்டு முறையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய_நாடா:

ஆமாம். அதனால் பென் டிரைவில் போட வேண்டியது திருத்திய பாட்டு அல்ல. ஆல்பப் பாட்டின் சுத்தமான பிரதியை எடுத்து அதே எஃபெக்டில் 1.059 கொடுங்கள். இரைச்சல் இல்லாமல் சித்தப்பா கேசட்டின் வேகமும் சுருதியும் வந்துவிடும். ஆல்பத்தில் உள்ளது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும், கேசட்டில் எங்கே முடிகிறதோ அங்கே வெட்டி மெதுவாக இறக்குங்கள்.

இன்னொன்று. செல் இறங்க இறங்க வேகமும் மாறியிருக்கும். பிப்புக்குப் பக்கத்தில் உள்ளதால் இந்தப் பாட்டுக்குக் கணக்கு பொருந்தும். அதே பக்கத்தில் முன்னால் பதிந்த பாட்டுகளுக்கு இந்த எண்ணைப் போடாதீர்கள், ஒவ்வொன்றையும் தனியாக ஒப்பிடுங்கள்.

படுகர்_இசைப்பிரியன்:

வேகக் கணக்கை அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். நான் கேசட்டுக்காக ஒரு வார்த்தை. கோத்தகிரி மூடுபனியில் இருந்த கேசட் என்றால் பூஞ்சை பார்த்தீர்களா? கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். மீதிக் கேசட்டுகளைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சமையலறைப் பரணில் மட்டும் வேண்டாம்.

மூடுபனி_கோத்தகிரி:

இரண்டு கேசட்டில் வெள்ளை இருக்கிறது, தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நன்றி.

1.059 போட்ட பாட்டை இன்று சித்தியிடம் போட்டுக் காட்டினேன், எதுவும் சொல்லாமல். முதல் வரியிலேயே "ம், இதுதான்" என்றார். முழுதும் கேட்டார். முடிந்ததும், "அப்புறம் அந்த மணிச் சத்தம் வரணுமே, எங்கே?" என்று கேட்கிறார். அவருக்கு லிலிபுலேரோவும் பிப்பும் சேர்ந்ததுதான் பாட்டு. அதையும் ஒட்ட முடியுமா?

பழைய_நாடா:

தாராளமாக. அந்தப் பகுதியைக் கேசட்டிலிருந்து எடுத்த முதல் ஃபைலிலிருந்து வெட்டுங்கள், வேகம் திருத்தியதிலிருந்து வேண்டாம். இரைச்சல் நீக்கும் எஃபெக்டும் போடாதீர்கள், ஷார்ட்வேவ் பிப்பில் அது தண்ணீருக்குள் பேசுவது போன்ற ஓசையைக் கொண்டுவரும். சுத்தமான பாட்டு இறங்கும் இடத்தில் கேசட் இரைச்சலை மூன்று நான்கு விநாடி முன்கூட்டியே மெல்ல ஏற்றுங்கள், ஒட்டு தெரியாது. செய்தி வாசிப்பவர் முதல் வார்த்தை சொன்னதும் சித்தப்பா நிறுத்திய அதே இடத்தில் நிறுத்திவிடுங்கள்.