மூன்றாம் பிறை: கேத்தி ஸ்டேஷனில் விஜி ஏன் அப்படிப் போகிறாள்?

கம்மாயுட் கண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில், யாங்கோனில் மாதம் ஒரு பழைய தமிழ்ப் படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவது வழக்கம். அடுத்த படம் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). பேச்சு எங்கே போய் முட்டும் என்று இப்போதே தெரிகிறது: கடைசிக் காட்சி. நினைவிழந்து குழந்தை மாதிரி இருந்து, தன்னைப் பார்த்துக்கொண்ட சீனுவை (கமல்) இத்தனை நாள் விட்டு நகராத விஜி (ஸ்ரீதேவி), குணமானதும் மலை ரயிலில் ஏறி, அவன் யாரென்றே தெரியாமல் போய்விடுகிறாள்.

எங்களுக்குள் இரண்டு கட்சி. விஜிக்கு உள்ளூரத் தெரியும், அப்பா அம்மா பக்கத்தில் இருப்பதால் காட்டிக்கொள்ளவில்லை என்பது ஒன்று. சுத்தமாக மறந்துவிட்டாள் என்பது இன்னொன்று. இதற்கு நடுவில் பெரியவர்கள் சிலர், “எப்படிப் பார்த்தாலும் நன்றி கெட்டவள்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

படத்துக்குள்ளேயே இதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? சீனு ஏன் முதலிலேயே போய் அவள் அப்பாவிடம் பேசவில்லை? விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பெகு வாத்தியார்

கண்ணன் தம்பி, கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினால் இந்தச் சண்டை தீரவே தீராது. சம்பவங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

அவளுடைய சொந்தப் பெயர் பாக்கியலட்சுமி. கார் விபத்தில் தலையில் அடிபட்டுச் சின்னக் குழந்தையின் மனநிலைக்குப் போய்விடுகிறாள். அந்த நிலையில் கடத்தப்பட்டு ஒரு விபசார விடுதியில் விற்கப்படுகிறாள். அங்கேதான் சீனு அவளைப் பார்க்கிறான், பரிதாபப்பட்டு வெளியே கொண்டுவந்து ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேத்திக்கு அழைத்துப் போகிறான். விஜி என்கிற பெயர் விபத்துக்குப் பிறகு வந்தது. அவள் பெற்றோருக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. ஆகவே கடைசியில் அவன் “விஜி, விஜி” என்று கத்தும்போது, ரயிலில் இருக்கிற பெண்ணைப் பொறுத்தவரை அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறான். பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

அடுத்தது போலீஸ். மகளைக் காணோம் என்று அப்பா தேடிக்கொண்டிருக்கிறார். சீனு அவளை வைத்தியரிடம் சிகிச்சைக்கு விட்டிருக்கிற நேரத்தில் போலீஸ் அங்கே வந்துவிடுகிறது. விடுதியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து தனி வீட்டில் வைத்திருந்தவன் அவன். போலீஸுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அந்தப் பயத்தில் ஒதுங்கி நிற்கிறான். அவள் கண் விழிக்கும்போது எதிரே அப்பா அம்மா இருக்கிறார்கள், அவன் இல்லை. சீனு அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்று வைத்தியர் மூலம் தெரிந்து அப்பா புகாரைத் திரும்பப் பெறுகிறார். இது சீனுவுக்குத் தெரியாது. போலீஸ் போன பிறகுதான் வெளியே வந்து, காருக்குப் பின்னால் ஓடி, விழுந்து அடிபட்டு, சேறும் ரத்தமுமாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்கிறான். இதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கதை எழுதினவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கதவுகளைச் சாத்தியிருக்கிறார் பாருங்கள். வில்லன் என்று யாருமே இல்லை. அப்பா நல்லவர், வைத்தியர் நல்லவர், போலீஸ்கூடக் கெடுதல் செய்யவில்லை. அவனை அவளிடம் அறிமுகப்படுத்த வேண்டிய ஒரே ஆள் அவன்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் அங்கே இல்லை.

“உள்ளூரத் தெரியும்” கட்சிக்கு ஒரு கேள்வி: தெரிந்திருந்தால் அவள் முகத்தில் பயமோ சங்கடமோ தெரிய வேண்டாமா? ஸ்ரீதேவி நடித்திருப்பது அதை அல்ல. பிச்சைக்காரன் ஒருவன் சாப்பாட்டுக்குக் கையேந்துகிறான், பாவம், புத்தி சரியில்லை போலிருக்கிறது என்கிற பார்வை அது. இரக்கம் இருக்கிறது, அடையாளம் இல்லை.

---

மருந்துக்கடை மாலதி

வாத்தியார் ஐயா சொன்ன வரிசை சரி. மருத்துவப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் யாராவது ஒருவர் “இப்படியெல்லாம் நடக்குமா” என்று கட்டாயம் கேட்பார்.

தலையில் அடிபட்டால் விபத்துக்கு முந்தைய கொஞ்ச கால நினைவு போவது உண்டு. அடிபட்ட பிறகு சில நாள், சில வாரம் நடந்தது எதுவும் மனதில் பதியாமலே போவதும் உண்டு. ஆனால் வளர்ந்த பெண் அப்படியே ஆறேழு வயதுக்குத் திரும்பி, அந்த வயதுக்காரியாகவே மாதக்கணக்கில் வாழ்வது சினிமாவுக்கு வசதியான வியாதி. ஒரே சிகிச்சையில் பழைய நினைவு முழுக்கத் திரும்புவதும் அப்படித்தான். இன்னொன்று, விஜிக்குப் புது நினைவுகள் நன்றாகவே பதிகின்றன. சீனுவைத் தெரியும், நாய்க்குட்டிக்கு சுப்பிரமணி என்று பெயர், விளையாட்டெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனவே “மூளையில் பதியவே இல்லை” என்றும் சொல்ல முடியாது.

படத்தின் முடிவுக்குக் கிட்ட வருவது மனநல மருத்துவத்தில் சொல்கிற ஒரு நிலை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவர் தன் பெயர் ஊர் எல்லாம் மறந்து வேறு இடத்தில் வேறு ஆளாக வாழ்வார். பழைய நினைவு திரும்பும்போது, நடுவில் வாழ்ந்த காலம் பெரும்பாலும் அழிந்துபோகும். இரண்டும் ஒரே நேரத்தில் கையில் நிற்பது அபூர்வம். பாக்கியலட்சுமி திரும்பி வர, விஜி போயே ஆக வேண்டும். பாலு மகேந்திரா மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்பது முக்கியமில்லை. குணமாவதும் மறப்பதும் ஒரே சம்பவம் என்பதுதான் இந்த முடிவின் ஆணிவேர். அவளைக் குணப்படுத்தத் தூக்கிக்கொண்டு போனதே சீனுதானே!

---

மீட்டர்கேஜ்

ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அந்தக் காட்சி எடுத்தது நீலகிரி மலை ரயில் பாதையில், கேத்தி ஸ்டேஷனில். லவ்டேலுக்கும் அரவங்காட்டுக்கும் இடையில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். செங்குத்தான ஏற்றத்துக்கான பல்சக்கரப் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். கேத்தி அதற்கும் மேலே, சாதாரணத் தண்டவாளம். ஆனாலும் வேகம் அதிகமில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், யாங்கோனைச் சுற்றி வருகிற நம்ம ஊர் வட்ட ரயிலும் அதே மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்), சுற்றளவும் ஏறத்தாழ அதே 46 கிலோமீட்டர்தான். பழைய வண்டிகளில் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். அதில் கூடை தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுகிறவர்களைப் பார்த்த கண்ணுக்கு ஒன்று உடனே உறைக்கும்: இந்த வேகத்தில் போகிற வண்டியைப் பிடித்துவிடலாம். ஜன்னலோடு ஜன்னலாக ஓடலாம், முகத்துக்கு நேரே பேசலாம். சீனுவுக்கு அது எல்லாமே கிடைக்கிறது. வேகமான எக்ஸ்பிரஸ் வண்டியாக இருந்திருந்தால், ஐயோ நேரம் இல்லாமல் போச்சே என்று நாம் தேற்றிக்கொள்வோம். இங்கே நேரம் இருக்கிறது, தூரமும் கையெட்டும் தூரம்தான். அப்படியும் அவள் போகிறாள்.

மழை ஒரு சங்கதி. அது திட்டம் போட்டு வரவழைத்த மழை அல்ல. ரயிலை வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தார்கள், மழை பிடித்துக்கொண்டது, அப்படியே எடுத்துவிட்டார்கள். ஆகவே மழைக்குத் தத்துவம் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

---

மோல்மேன் முத்தம்மா

இதுவரை எழுதின எல்லாரும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு பார்க்கிறீர்கள். ஒரு தடவை ரயிலுக்குள் உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு இளம்பெண் கண் விழிக்கிறாள். கார் விபத்து வரைதான் நினைவு. இடம் தெரியவில்லை, உடம்பில் வேறு யாரோ கட்டிவிட்ட சேலை. மாதங்கள் போய்விட்டன என்கிறார்கள். பெற்றோரோடு வண்டி ஏறினால், ரத்தம் வழிய ஒருவன் ஜன்னலில் வந்து நின்று, தனக்குச் சம்பந்தமில்லாத பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அப்புறம் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு குரங்கு மாதிரிக் குட்டிக்கரணம் போடுகிறான். எந்தப் பெண் இறங்கி வருவாள்?

அந்தக் குட்டிக்கரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவன் “நான்தான் உன்னை வைத்தியரிடம் கொண்டுவந்தேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் அப்பா நிச்சயம் காது கொடுத்திருப்பார். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சை அவன் பேசவில்லை. குழந்தை விஜியைச் சிரிக்க வைத்த அதே ஆட்டத்தை ஆடுகிறான். அவன் தேடுவது அந்தக் குழந்தையை, அது அந்த ரயிலில் இல்லை. அவளுக்குத்தான் மறதி என்கிறோம், ஆனால் எதிரே இருப்பது வளர்ந்த பெண் என்பது அவனுக்கும் அந்த நேரத்தில் மறந்துபோகிறது. அந்த உறவு தன் கையில் வளர்ந்த குழந்தையோடு இருந்ததா, பெண்ணோடு இருந்ததா என்று படம் முன்பிருந்தே அவனைத் தடுமாற விட்டிருக்கிறது. “நன்றி கெட்டவள்” என்கிற பெரியவர்களிடம் இதைக் கேளுங்கள்: யாருக்கு நன்றி காட்டவில்லை? அவளைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே இல்லையே.

---

பெகு வாத்தியார்

முத்தம்மா சொன்னது ஏற்கக்கூடியது. ஆனால் அப்பா காது கொடுத்திருப்பார் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் கோலத்தில் வந்தவனை யார் நின்று கேட்பார்கள்?

ஒன்று விட்டுப்போனது. பாலு மகேந்திராவின் துணைவியாக இருந்த நடிகை ஷோபா 1980-இல் இறந்த பாதிப்பு இந்தக் கதைக்குப் பின்னால் உண்டு என்பது அவரைப் பற்றித் தெரிந்த செய்தி. வந்து, கொஞ்ச காலம் வெளிச்சம் கொடுத்து, காரணம் சொல்லாமல் போய்விட்டவள் என்கிற அமைப்பு அங்கிருந்து வந்தது. அதற்காக விஜியை ஷோபாவாகவே வைத்துப் படத்தைப் படித்தால் முத்தம்மா சொன்ன ரயிலுக்குள்ளான பக்கம் காணாமல் போய்விடும். பின்னணியாக ஒரு வரி சொன்னால் போதும்.

---

கம்மாயுட் கண்ணன்

எல்லாருக்கும் நன்றி. படம் முடிந்த பிறகு திரும்பப் போட்டுக் காட்ட எந்தெந்தக் காட்சி எடுப்பது? கரண்ட் போகாத நேரம் பார்த்துத்தான் போட வேண்டும், அரை மணிக்கு மேல் கிடைக்காது. சிலர் இந்தியில் வந்த ‘சத்மா’வைத்தான் முதலில் பார்த்தவர்கள்.

---

மீட்டர்கேஜ்

‘சத்மா’ 1983. அதே டைரக்டர், அதே கமல், அதே ஸ்ரீதேவி, முடிவும் அதேதான். பார்த்தவர்களுக்குத் தனி விளக்கம் தேவையில்லை.

நான்கு துண்டு போதும். ஒன்று, குரங்காட்டம் முதலில் வருகிற இடம். இது இல்லாமல் கடைசிக் காட்சியைப் போட்டால் புதிதாகப் பார்க்கிற பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், அப்புறம் பேச்சே நடக்காது. இரண்டு, நரிக்கதைப் பாட்டு. சாயத்தில் விழுந்து ராஜாவான நரி, சாயம் போனதும் வேஷம் கலைகிற கதை அது, சீனுவுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு படத்தில் இல்லை. மூன்று, வைத்தியர் வீட்டில் அவள் கண் விழிப்பது. நான்கு, ஸ்டேஷன். ‘கண்ணே கலைமானே’யைப் போடாதீர்கள். கண்ணதாசனின் கடைசிப் பாட்டு என்று பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும், பிறகு திரும்பாது.

ஸ்டேஷன் காட்சியை முதலில் சத்தமில்லாமல் ஒருமுறை போடுங்கள். ஸ்ரீதேவியின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை சத்தத்தோடு.

---

மோல்மேன் முத்தம்மா

கண்ணன், இன்னொன்று. 1964 வாக்கில் சொந்தக்காரர்கள் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனதைப் பார்த்த பெரியவர்கள் கூட்டத்தில் இருந்தால், பேச்சை அவர்களிடமிருந்து தொடங்காதீர்கள். அவர்கள் விடைபெறும் காட்சியாகத்தான் இதைப் பார்ப்பார்கள், இங்கே விடைபெறுவது என்பதே நடக்கவில்லை. முதலில் இளசுகளைப் பேசவிடுங்கள். மாலதி சொன்ன மருத்துவ விஷயத்தை நடுவில் வையுங்கள், கடைசியில் வைத்தால் டாக்டர் தீர்ப்புச் சொன்ன மாதிரி எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள்.