கடைவாரியாகக் கடைசி பில்: குரூப் பைக்கு அடுத்து எதைக் கற்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அனைவருக்கும் வணக்கம். மருந்து மொத்த விற்பனை அலுவலகம் ஒன்றில் அறிக்கைகள் தயாரிக்கிறேன், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறோம். எஸ்கியூஎல்லில் டேபிள்களை இணைக்கும் ஜாயின், பதிவுகளைத் தொகுக்கும் குரூப் பை வரை தடுமாறாமல் எழுதுவேன். சுமார் 1,200 கடைகளும் 6 லட்சம் பில்களும் உள்ளன. ஒவ்வொரு கடையும் கடைசியாக வாங்கிய பில்லின் தேதியும் தொகையும் வேண்டும் என்று மேலாளர் கேட்டார். மிகப் பெரிய மதிப்பைத் தரும் மேக்ஸ் போட்டுத் தேதியை எடுத்துவிட்டேன். தொகையைச் சேர்த்ததும், அதையும் குரூப் பையில் குறிப்பிட வேண்டும் என்று பிழை வந்தது. குறிப்பிட்டால் ஒரே கடை பக்கம் பக்கமாக வருகிறது. வேறு வழியின்றி, கடை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு செலக்ட் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) ஓடும்படி எழுதினேன். விடை சரிதான், ஆனால் இரண்டு நிமிடம் ஆகிறது. இதைவிட வினோதம், இந்த மாதம் எதுவும் வாங்காத கடைகளை, பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் நாட் இன் கொண்டு தேடினால் ஒரு பதிவுகூட வரவில்லை. அடுத்து நான் எதைப் படிக்க வேண்டும்?

வைகைக்கரை:
விண்டோ ஃபங்ஷன்களைப் படியுங்கள். குரூப் பை ஒரு கடையின் எல்லாப் பதிவுகளையும் நசுக்கி ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் எந்தப் பில்லின் தொகையைக் காட்டுவது என்று அதற்குத் தெரிவதில்லை. விண்டோ ஃபங்ஷன் பதிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கணக்கை எழுதிக் கொடுக்கும். வரிசை எண் இடும் ரோ_நம்பர் என்பதைக் கடை எண்ணால் பார்ட்டிஷன் செய்து, அதாவது கடைவாரியாகப் பிரித்து, தேதியை இறங்குவரிசையில் வைத்தால், ஒவ்வொரு கடையின் கடைசி பில்லும் எண் 1 பெறும். ஒரே நாளில் இரண்டு பில் போட்ட கடை இருக்கும் என்பதால், தேதிக்குப் பின் பில் எண்ணையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த எண்ணை அதே குவெரியின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின்) வேர் (WHERE) என்ற வடிகட்டும் பகுதியில் சோதிக்க முடியாது, ஏனெனில் வேர் முடிந்த பிறகே விண்டோ கணக்கிடப்படுகிறது. ஆகவே வித் (WITH) கொண்டு அதற்கு ஒரு பெயர் கொடுத்து, வெளியிலிருந்து வடிகட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2009இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தே விண்டோ, வித் ஆகிய இந்த இரண்டு வசதிகளும் உள்ளன. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் பயனர்கள்தாம் 2018இன் 8.0 வரை காத்திருந்தோம். அதற்கு முன் நாங்கள் எழுதியவற்றை இப்போது திறந்து பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம்_மதிப்பு:
நாட் இன் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த மாதப் பில்களில் ஏதோ ஒன்றில் கடை எண் நல் (NULL) ஆக இருக்கக்கூடும். நல் என்பது பூச்சியமோ வெற்றுச் சொல்லோ அன்று. மதிப்பு தெரியவில்லை என்று பொருள். 5 என்ற கடை, 3 மற்றும் நல் அடங்கிய பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அந்தத் தெரியாத மதிப்பு ஒருவேளை 5 ஆகவே இருக்கலாம் என்பதால், உண்மை என்றும் பொய் என்றும் சொல்லாமல் ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடை வருகிறது. வேர் பகுதி உண்மையான பதிவுகளை மட்டுமே கடக்கவிடும். எனவே ஒரே ஒரு நல் முழுப் பட்டியலையும் காலியாக்கிவிடுகிறது. அந்தக் கடைக்குப் பில்லே இல்லையா என்று சோதிக்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள். அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

பழைய_டிபிஏ:
மேலே சொன்னவை சரி. ஆனால் புதிய சொற்களை மட்டும் கற்றுக்கொண்டே போனால் வேகம் ஏன் குறைகிறது என்பது புரியாது. உங்கள் பழைய குவெரியின் முன், அது ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பாருங்கள். சீக்வென்ஷியல் ஸ்கேன் என்ற வரியில் லூப்ஸ் 1200 என்று இருந்தால், பில் டேபிளை 1,200 தடவை தலை முதல் கால் வரை படிக்கிறது என்று பொருள். கடை எண், தேதி, பில் எண் மூன்றுக்கும் இதே வரிசையில் ஒரே இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) போட்டால், ஒவ்வொரு கடைக்கும் நேராகக் கடைசி பில்லில் போய் நிற்கும். விண்டோவோ 6 லட்சம் பதிவுகளையும் படித்தாக வேண்டும். கடைகள் குறைவாகவும் பில்கள் மிகுதியாகவும் உள்ள உங்கள் நிலையில், நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் பழைய குவெரியே வெல்லலாம். இன்னொன்று: இந்த மாதம் என்பதற்காகத் தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடாதீர்கள். புலத்தின்மீது ஃபங்ஷன் போட்டால், தேதிக்கென வைத்திருக்கும் சாதாரண இண்டெக்ஸ் அங்கே உதவாது. 1ஆம் தேதி முதல், அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு முன்வரை என்று எல்லை கொடுங்கள். எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டின் முன் போட்டுவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மூவருக்கும் நன்றி. கடை எண் இல்லாத ரொக்க விற்பனை பில்கள் மூன்று அகப்பட்டன. நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதியதும் வாங்காத கடைகள் வரிசையாக வந்து நின்றன. லூப்ஸ் 1200 என்பதையும் கண்ணால் பார்த்தேன். இண்டெக்ஸ் போட்டபின் பழைய குவெரி ஒரு வினாடிக்குள் முடிகிறது. விண்டோ வழி அதைவிடச் சற்று மெதுவாகத்தான் இருக்கிறது. ஆயினும் விண்டோவையே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இன்று காலை மேலாளர் கடைசி பில் போதாது, கடைசி மூன்று பில்கள் வேண்டும் என்றார். எண் 1 என்றிருந்ததை 3 வரை என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன்.