22 கிலோ வண்டியா, 12 கிலோ வண்டியா?

காவிரிக்கரை:
அப்பா ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. ராடு பிரேக், 28 இஞ்ச் சக்கரம், பெரிய கேரியர். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 22 கிலோ. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கண்டோன்மென்டுக்கு வேலைக்குப் போக வேண்டும், ஒரு வழிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர். இதையே சரிசெய்து ஓட்டலாமா, 12 கிலோவில் கியர் வைத்த அலுமினிய வண்டி புதிதாக வாங்கலாமா? கூட வேலை பார்ப்பவர், "இரும்பு வண்டியில் பாதி வேகம்தான் வரும்" என்கிறார். நேற்று ஓட்டிப் பார்த்தேன், 36 நிமிடம் ஆனது. அவருடைய வண்டியில் அவருக்கு 29 நிமிடம்.

அடிவாரம்:
தயங்காமல் புதுசு வாங்குங்கள். நான் சேலம். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய இரும்பு வண்டியில் நான்காவது வளைவைத் தாண்டி நான் மிதித்ததே இல்லை, இறங்கித் தள்ளியிருக்கிறேன். 11 கிலோ வண்டி வாங்கிய மூன்றாம் மாதம், காலைத் தரையில் ஊன்றாமல் உச்சிக்குப் போனேன். எடை ஒரு பொருட்டே இல்லை என்றால், சர்வதேசப் பந்தயங்களில் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-இலிருந்து விதி வைத்திருப்பார்களா?

சைக்கிள்கடை மகன்:
அண்ணா, அந்த விதி வந்ததே உறுதிக்காகத்தான். எடையைச் சுரண்டிச் சுரண்டி ஃபிரேம் உடைகிற அளவுக்கு யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக.

அப்புறம், நீங்கள் நான்காவது வளைவில் இறங்கியதற்குப் பாதிக் காரணம் கியர். இரும்பு வண்டியில் பெரும்பாலும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் அது அருமையான கணக்கு: நொடிக்கு ஒரு சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். மேட்டில் 8 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நொடி, முட்டி கழன்றுவிடும். நம் ஆட்கள் அதைத்தான் "வண்டி கனம்" என்று சொல்கிறார்கள். அதே கியரை 11 கிலோ வண்டியில் மாட்டிக் கொடுத்தாலும் ஏற்காட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

காவிரிக்கரை, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தை முன்பக்கமாகக் கையால் ஒரு சுற்று சுற்றி விடுங்கள். பிரேக் கட்டையை உரசாமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

அடிவாரம்:
கியரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையில் எடைக்குக் கணக்கு இருக்கிறது தம்பி, அதை எந்தக் கியரும் அழிக்காது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கூடுதலாக 10 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 1,18,000 ஜூல் வேண்டும். தொடர்ந்து 120 வாட் தரக்கூடிய சாதாரண ஆளுக்கு அது மட்டும் 16 நிமிடம். 16 நிமிடம் மூச்சு வாங்குவது சின்ன விஷயமா? வண்டியை மாடிப்படியில் தூக்குகிறவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

சைக்கிள்கடை மகன்:
கணக்கு சரி. ஆனால் கேள்வி கேட்டவர் போவது ஏற்காட்டுக்கு இல்லை. ஸ்ரீரங்கத்துக்கும் கண்டோன்மென்டுக்கும் நடுவே இருக்கிற முக்கியமான மேடு காவிரிப் பாலம்தான். அதே முறையில் இன்னொரு கணக்கு: நின்ற வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, அந்த 10 கிலோ கேட்பது சுமார் 150 ஜூல். ஒரு சிக்னலுக்கு ஒன்றிரண்டு நொடி, அவ்வளவுதான்.

வடமராட்சி:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் சோளகம் இருக்கிறது. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து அந்தக் காற்று எழும்பினால், பருத்தித்துறையில் இருந்து பட்டணத்துக்கு உழக்கும்போது பாரமான சைக்கிள், பாரமில்லாத சைக்கிள் எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வந்து விடும்.

சமதரையில் வேகத்தைத் தின்பது காற்று அண்ணை. 20 கிலோமீட்டரில் இருந்து 30-க்குப் போனால் காற்றை வெட்டுவதற்கான சக்தி மூன்று மடங்குக்கு மேல் கூடும். பழைய சைக்கிளில் நெஞ்சை நிமிர்த்தி இருக்கிறோம், காற்று முழுவதும் நெஞ்சில்தான். புது சைக்கிளில் கொஞ்சம் குனிந்து இருப்பதால் ஓடுகிறது, எடையால் இல்லை. எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் விறகும் மூட்டையும் ஏற்றி மைல் கணக்கில் உழக்கியது இந்தப் பாரமான சைக்கிள்களில்தான். மற்றவை அதற்குத் தாங்கியிரா.

மூன்றாவது மாடி:
தாங்குவதைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். என்னிடம் 13 கிலோ அலுமினிய வண்டி. பின்னால் கேரியர் மாட்டி 10 கிலோ அரிசி மூட்டை வைத்தால் ஹேண்டில் வால் ஆட்டுகிறது. ஒற்றைக் கையை எடுக்கவே பயம். என் மாமனாரின் டபுள் பார் வண்டியில் 50 கிலோ மூட்டையோடு அவர் ஒரு கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போவார். குண்டும் குழியுமான தெருவில் அந்த வண்டிதான் சுகம். ஃபிரேம் கனமாக இருப்பதால்தானே அதிர்வு தெரியவில்லை?

அதே சமயம், அந்த வண்டியை மூன்று மாடி தூக்க என்னால் முடியாது. அடிவாரம் சார் சொன்னது எனக்கு நேர்ப் பொருத்தம்.

சைக்கிள்கடை மகன்:
அக்கா, மூட்டை ஆடுவதும் அதிர்வும் வேறு வேறு. ஆடுவது பக்கவாட்டு முறுக்கு. உங்கள் கேரியர் இரண்டு சின்ன போல்ட்டில் தொங்குகிறது, முதல் சந்தேகம் அதன் மேல். மாமனார் வண்டியில் கேரியரின் கால்கள் பின் அச்சிலேயே இறுக்கியிருக்கும்.

அதிர்வு ஃபிரேமின் கனத்தால் குறைவதில்லை. கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்: டயர் அமுங்குகிற அளவில் ஒரு சிறு பங்குகூட எந்த ஃபிரேமும் மேலும் கீழும் வளையாது. பழைய வண்டி சுகமாக இருப்பதற்குக் காரணம் ஒன்றரை இஞ்ச் டயர், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், முன்சக்கரத்தைப் பிடித்து முன்னே நன்றாக வளைந்து நிற்கிற ஃபோர்க், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம். பந்தயக்காரர்களே 23 மில்லிமீட்டர் டயரை விட்டுவிட்டு 28-க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள்.

இரும்பைப் பற்றி ஒன்று. அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் அதே மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அலுமினிய வண்டியின் குழாய்கள் அவ்வளவு பருமன். குழாய் பருத்தால் விறைப்பு வேகமாகக் கூடும். அதனால் அலுமினிய வண்டி வளைந்து கொடுக்கும் என்பது தப்பு. ஆனால் வருடக்கணக்கில் குலுங்கினால் இரும்பு தாங்குகிற மாதிரி தாங்காது. போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்த அலுமினிய ஃபிரேமில், சீட் குழாயும் அடிக்குழாயும் சேருகிற இடத்தில் பெயின்ட் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. இரும்பாக இருந்தால் பித்தளை ஊற்றிப் பற்றவைத்து அன்று மாலையே அனுப்பியிருப்பேன். அந்தப் பையனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதாயிற்று.

காவிரிக்கரை:
சக்கரத்தைச் சுற்றி விட்டேன், ஆறு நொடிதான் ஓடியது. ரிம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் கட்டையைத் தொட்டது. கோட்டம் எடுத்து, அச்சில் உருளும் பால்ரஸ் குண்டுகளை மாற்றிப் புது கிரீஸ் வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் அடித்தேன். 36 நிமிடம் 32 ஆகிவிட்டது. வண்டி அதே 22 கிலோ.

இன்னொன்றும் செய்தேன். நண்பரின் 12 கிலோ வண்டியை ஞாயிறு காலை கடன் வாங்கினேன். முதலில் வெறுமனே ஒரு முறை, பிறகு இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்களைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி ஒரு முறை, அதே பாதை. வெறும் வண்டியில் 29 நிமிடம். கேன்களோடு 30. பாலம் ஏறும்போது மட்டும் யாரோ பின்னால் சட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

அடிவாரம்:
நல்ல சோதனை. ஒரு நிமிடம் என்பது சமதரைக்கு. கேன்களோடு ஏற்காட்டுக்கு வாருங்கள், நானும் கூட ஏறுகிறேன். ஆனால் உங்கள் பாதைக்கு அப்பாவின் வண்டியை விற்காதீர்கள். பின்னால் 18 பல்லுக்குப் பதிலாக 20 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) போடுங்கள், பாலத்தில் அந்தச் சட்டைப் பிடி தளர்ந்துவிடும்.

சைக்கிள்கடை மகன்:
போடலாம். அதோடு செயினில் ஒரு லிங்க் சேர்க்க வேண்டி வரலாம், பின்சக்கரத்தை எவ்வளவு பின்னால் இழுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.