வீட்டில் செய்த சோலார் நங்கூர விளக்கு: நம்பித் தூங்கலாமா?

அலைமகன்:
என் பாய்மரப் படகு 8 மீட்டர். நங்கூரம் போட்ட இரவுகளில், படகு நிற்பதை மற்றவர்களுக்குக் காட்டும் நங்கூர விளக்குக்காக மெயின் பேட்டரியைத் தொட மனமில்லை. நானே ஒன்று செய்துவிட்டேன். தோட்டத்து சோலார் விளக்கின் கூடு, அதற்குள் வட்டமாக ஐந்து வெள்ளை எல்இடி, 3 வாட் பேனல், 1500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். மொத்தம் அரை வாட் எடுக்கிறது. இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். கடையில் வாங்குவது இனி எதற்கு?

பழைய நங்கூரம்:
தம்பி, கைவேலை அழகு. ஆனால் அதை நங்கூர விளக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளில் 30ஆவது விதிப்படி, எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு வேண்டும். 22ஆவது விதிப்படி அது 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். விலக்கு 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்குத்தான். அதுவும் மற்ற படகுகள் வந்துபோகாத இடத்தில்.

அலைமகன்:
விதியைப் படித்துவிட்டுத்தான் செய்தேன் ஐயா. 2 மைலுக்கு 4.3 கேண்டெலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு பலமாக வீசுகிறது என்பதன் அளவு) போதும். என் எல்இடி ஒவ்வொன்றும் 20 கேண்டெலா. வீட்டில் செய்யக்கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது?

சாலிடர் புகை:
அந்த 20 கேண்டெலா எல்இடிக்கு நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும். அவ்வளவு கேண்டெலா காட்டும் 5 மில்லிமீட்டர் எல்இடியின் ஒளி பெரும்பாலும் 20 டிகிரி கூம்புக்குள் அடங்கிவிடும். ஐந்தை வட்டமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 50 டிகிரி கிட்டத்தட்ட இருட்டு. வெள்ளைச் சுவர் உள்ள அறையில், விளக்கை அணைத்துவிட்டு, இதை நடுவில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் செல்லில் 4.8 வாட்-மணிதான் இருக்கிறது; அரை வாட்டுக்கு அது ஒன்பதரை மணி நேரம்தான் வரும். மாலை ஆறரைக்கு எரிய ஆரம்பித்தால் காலை நாலு மணி வாக்கில் அணைந்துவிடும். மீன்பிடிப் படகுகள் புறப்படும் நேரம் அது.

பழைய நங்கூரம்:
இதைத்தான் சொல்ல வந்தேன். படகு நங்கூரத்தில் அங்கும் இங்கும் திரும்பும். தூரத்திலிருந்து வருபவனுக்கு உங்கள் விளக்கு வந்து வந்து மறையும். இரண்டாம் முறை தெரிவதற்குள் அவன் பக்கத்தில் வந்திருப்பான்.

அலைமகன்:
நேற்று இரவு சுவரில் பார்த்தேன். ஐந்து வெள்ளைப் பொட்டு, நடுவில் எல்லாம் மங்கல். இருளில் நின்று பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் கைவிட மாட்டேன். பழைய மண்ணெண்ணெய் விளக்கின் வளைய லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒளியை மேலும் கீழும் சிதறவிடாமல் அடிவானப் பக்கம் திருப்புகிற ஃப்ரெனெல் வகை. அகலமாகப் பரப்பும் அரை வாட் எல்இடி ஒன்றை அதன் நடுவில் வைக்கப் போகிறேன். செல்லும் 6000 மில்லி ஆம்பியர்-மணிக்கு மாறும். வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு முழு இரவு தாங்கும்.

சாலிடர் புகை:
இப்போது சரியான பாதை. கூட்டை ஒட்ட வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தொடாதீர்கள். என் முதல் விளக்கை அதுதான் கொன்றது. சில மாதத்தில் திறந்தால் செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வாடை இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போடுங்கள்.

பழைய நங்கூரம்:
லென்ஸ் வைத்தாலும் அளந்து பார்க்காத விளக்கை நம்பி நான் தூங்க மாட்டேன். பாய்மர உச்சியில் முறையான விளக்கு எரியட்டும், இது மாற்றாக இருக்கட்டும்.

அலைமகன்:
அப்படியானால் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். இதை படகின் பின்பக்கத்தில் தாழ்வாகத் தொங்கவிட்டால் சிறு படகில் வருபவர் கண்ணுக்கு நேராக இருக்கும்.

பழைய நங்கூரம்:
வேண்டாம் தம்பி! உயரத்தில் ஒன்று, பின்னால் தாழ்வாக ஒன்று என்றால் 50 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பல் நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கப்பலின் உடம்பு இருப்பதாக நினைத்து, உங்கள் படகு எங்கே முடிகிறது என்று தெரியாமல் எதிரே வருபவன் தடுமாறுவான். ஏதாவது ஒன்று மட்டும் எரியட்டும்.

அலைமகன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. சரி, ஒன்றுதான். லென்ஸ் பொருத்தியதும் நண்பரைச் சிறு படகில் 2 மைல் தள்ளி நிறுத்தி, இங்கே படகை முழுச் சுற்று சுற்றிக் காட்டுகிறேன். எந்தப் பக்கமும் மறையவில்லை என்றால் இதுதான் எரியும்.