எடிஸ்டோன்: ஸ்மீட்டன் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஏன் பிரித்தார்கள்?

கேள்வி:
இங்கிலாந்தில் பிளிமத்துக்கு அப்பால், எடிஸ்டோன் பாறையில் ஜான் ஸ்மீட்டன் கட்டிய கோபுரத்தில் 1759இல் விளக்கு ஏற்றினார்கள். 120 ஆண்டுகளுக்கு மேல் அது அசையாமல் நின்றதாகப் படித்தேன். பிறகு ஏன் 1882இல் பக்கத்துப் பாறையில் புதிதாகக் கட்டினார்கள்? சாந்து கரைந்துவிட்டதா?

பதில் 1:
கோபுரத்தில் குறையே இல்லை, பழுதானது பாறை. அடியில் கடல் அரித்துக் குடைந்துவிட்டதால், பெரிய அலை மோதினால் கோபுரம் முழுதாக ஆடத் தொடங்கியது. மேல்பகுதியைக் கல் கல்லாகக் கழற்றி பிளிமத் நகரின் கடலோர மேடான ஹோவில் மறுபடி நிறுத்தினார்கள். அடிக்கட்டை இன்றும் பாறையிலேயே நிற்கிறது.

பதில் 2:
சாந்து பற்றி: சாதாரணச் சுண்ணாம்பு இறுக காற்று வேண்டும், ஈரத்தில் இளகியே கிடக்கும். ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். கரையாமல் களிமண் மிஞ்சும் கல்லைச் சுட்டால்தான் அந்தச் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகுகிறது என்று கண்டார். அதோடு இத்தாலியின் எரிமலைச் சாம்பலான பொஸோலானாவைச் சமபங்கு கலந்தார். ஆனால் வேலைக்கு நடுவே அலை வந்தால் இறுகாத சாந்து கழுவிப் போகும். அதனால்தான் கற்களையே ஒன்றோடொன்று பூட்டினார். ஒவ்வொரு கல்லின் விரிந்த வாலும் அடுத்த கல்லின் குழிக்குள் அமரும், இடைவெளியில் மர ஆப்பு. வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இருக்க நடுவே சலவைக்கல் முளைகள். சரிந்த பாறையையும் படிபடியாகச் செதுக்கி, அடி வரிசைகளை அதிலேயே பூட்டினார். வெளிப்புறம் கருங்கல், உள்ளே போர்ட்லாண்ட் கல் என்ற சுண்ணாம்புக்கல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முன்பிருந்த மரக்கோபுரம் எரிந்ததால்தான் கல்லுக்கு மாறினாரா?

பதில் 2:
அது ஒரு காரணம். ரட்யர்டின் மரக்கோபுரம் 1709 முதல் நின்று, 1755இல் விளக்கறையில் பிடித்த தீயில் போனது. அதற்கும் முன் வின்ஸ்டன்லி கட்டியதை 1703 புயல் அவரோடு சேர்த்தே கொண்டுபோய்விட்டது. ஸ்மீட்டனுக்கு முக்கியம் எடை: அலையைத் தாங்க கனம் வேண்டும், அந்தக் கனம் அடியில் இருக்க வேண்டும். கீழே அகன்று மேலே வளைந்து குறுகும் வடிவம் அதற்காகத்தான். இவ்வளவு செய்தும் விளக்கு என்னவோ 24 மெழுகுவர்த்திகள்தான்!

பதில் 1:
அந்த வளைவில் ஒரு சிக்கல் உண்டு. அலை அதைப் பிடித்து மேலேறி விளக்கறை வரை போகும். அதனால் 1882 கோபுரத்துக்கு அதைக் கட்டிய பொறியாளர் டக்ளஸ் அடியில் செங்குத்தான உருளை மேடை வைத்தார். அலை அதில் மோதி அங்கேயே உடைகிறது.