முதல் கடல்நீர்த் தொட்டி: உப்பு ஏறுகிறது, பழுப்புப் படலம், நைட்ரைட் இறங்கவில்லை. உதவி தேவை

வேளச்சேரி வாசி:
வணக்கம். நன்னீர் மீன்கள் பல வருடமாக வளர்க்கிறேன், கடல்நீர் இதுதான் முதல் தடவை. 3 அடித் தொட்டி. பாறை, மணல் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் சால்ட் மிக்ஸ் (கடல்நீர் செய்யும் உப்புத் தூள்) கலந்தேன். காய்ந்த பாறை அடுக்கி, சைக்கிள் (அழுகலில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர்வது) தொடங்க ஒரு துண்டு பச்சை இறால் போட்டேன். மூன்று வாரம் ஆகிறது, மீன் எதுவும் விடவில்லை.

இன்றைய நிலவரம்: அம்மோனியா 0. நைட்ரைட் சோதனையில் அடர் ஊதா. நைட்ரேட் 80க்கு மேல். மதியம் 31 டிகிரி. தொடக்கத்தில் 1.025 காட்டிய ஹைட்ரோமீட்டர் (நீரின் அடர்த்தியை வைத்து உப்பை அளக்கும் கருவி) இப்போது 1.029 காட்டுகிறது. தினம் ஒரு லிட்டர் போலக் குறைகிறது, கலந்து வைத்த உப்பு நீரை ஊற்றி நிரப்புகிறேன். மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம். துடைத்தால் மறுநாளே வந்துவிடுகிறது.

கடையில் டாம்சல் என்ற சிறு கடல் மீனைச் சொல்லி, "ரெண்டு டாம்சல் போடுங்க, தானா செட் ஆயிடும்" என்கிறார்கள். ராமேஸ்வரம் போகும் மாமா பாறை கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா?

ஆழ்கடல்:
கொட்ட வேண்டாம் தம்பி. அம்மோனியா 0 என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில் உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தினம் ஒரு லிட்டர் உப்பு நீர் ஊற்றினால் மூன்று வாரத்தில் ஏறக்குறைய முக்கால் கிலோ உப்பு கூடுதலாகச் சேரும். உங்கள் அளவுக்கு அது 1.025ஐ 1.029 பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. இனி குறைவதை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை. உப்பு நீர் தேவைப்படுவது, தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டுமே.

உப்பை இறக்குவதற்கு 15 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு உப்பில்லாத தண்ணீர் விடுங்கள். மீன் இல்லாததால் ஒரே நாளில் செய்யலாம். அதற்கு முன் ஹைட்ரோமீட்டரைக் கழுவி இன்னொரு தடவை பாருங்கள். முள் வைத்த மாடல் என்றால், முள்ளில் ஒட்டும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழி அதை மேலே தூக்கிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். உப்பு காய்ந்து முள் சிக்குவதும் உண்டு. முடிந்தால் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைக் கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொட்டிக்கு நீங்கள் செலவழிப்பதில் மிக உருப்படியான செலவு அதுதான்.

நைட்ரைட்டுக்குப் பொறுமை மட்டுமே மருந்து. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் பெருகும், நைட்ரைட்டைத் தின்பது பின்னால்தான் வரும். மொத்தம் நாலு முதல் ஆறு வாரம் வழக்கம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நைட்ரேட் எண்ணை இப்போது நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது, அதனால் நைட்ரைட் இருக்கும்வரை பொய்யாகத் தூக்கிக் காட்டும்.

டாம்சல் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தாங்கும், உண்மைதான். ஆனால் பாறையைத் தன் இடமாக வளைத்துக்கொண்டு அடுத்து வரும் மீனையெல்லாம் விரட்டும். அப்புறம் அதைப் பிடிக்க மொத்தப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டும்.

கொளத்தூர் பக்கம்:
பழுப்புப் படலம் டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் பெரும்பாலும் வரும், தண்ணீரில் சிலிக்கேட் இருந்தால் இன்னும் அதிகம். உங்கள் ஆர்.ஓ. மெஷினில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கிறதா பாருங்கள். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் திருகு அது. டி.டி.எஸ். மீட்டர் வைத்தால் எவ்வளவு காட்டுகிறது?

வெப்பத்துக்கு: மேல்மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பு மேல் படுமாறு கிளிப் ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சில நாள் அவ்வளவும் குறையாது. ஆவியாவது கூடும் என்பதால் கோட்டைக் காலையும் மாலையும் கவனியுங்கள். சூடான உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதனால் கரன்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம் வேண்டும்.

தூத்துக்குடிக்காரன்:
மாமாவிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. கரையில் கிடக்கும் செத்த துண்டை எடுத்தாலும் வழக்குதான். கடல் குதிரை, கடல் அட்டைக்கும் அதே சட்டம், யாராவது விற்றால் வாங்காதீர்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே எங்கள் பக்கம் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. நீங்கள் வைத்திருக்கும் காய்ந்த பாறையே போதும், பாக்டீரியா அதிலேயே குடியேறும்.

வேளச்சேரி வாசி:
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் 74 காட்டியது, திருகும் இருக்கிறது. வீட்டில் குடிக்கும் தண்ணீர் என்பதால் அதைத் தொடவில்லை. மெம்பிரேனிலிருந்து (ஆர்.ஓ. மெஷினின் வடிகட்டும் சவ்வு) தனிக் குழாய் எடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் நீக்கும் டி.ஐ. கார்ட்ரிட்ஜ் மாட்டச் சொல்லியிருக்கிறேன். உப்பு 1.026க்கு வந்துவிட்டது, ஃபேன் வைத்த பிறகு மதியம் 28 டிகிரி. நைட்ரைட் 0 ஆனதும் முதலில் எந்த மீன், அண்ணா? கடல் சாமந்தியும் (பூப்போல் இருக்கும் கடல் உயிரினம், ஸீ அனிமோன்) சேர்த்து வாங்கலாமா?

ஆழ்கடல்:
0 ஆனதும் கொஞ்சம் அம்மோனியா கரைசல் விட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0க்கு வந்தால் தொட்டி தயார்.

முதல் மீனாக, பண்ணையில் பொரித்த கிளவுன் (கோமாளி) மீன் இரண்டு, ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது. குஞ்சில் எல்லாமே ஆண்தான், பெரியது பெண்ணாக மாறி ஜோடியாகிவிடும். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள், அதனால் கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடல் சாமந்தி இல்லாமலே கிளவுன் நன்றாக இருக்கும். சாமந்திக்கு நல்ல வெளிச்சமும் ஆறு மாதமாவது பழகிய தொட்டியும் வேண்டும்.

வாங்கும்போது கடைத் தொட்டியின் உப்பை அளந்து கேளுங்கள். நிறையக் கடைகளில் 1.020 பக்கம்தான் வைத்திருப்பார்கள். அதிலிருந்து நேராக 1.026க்கு விட்டால் மீன் தாங்காது. தனியாக ஒரு சின்னத் தொட்டியில் கடையின் அளவிலேயே விட்டு, சில நாள் எடுத்து மெல்ல ஏற்றுங்கள். நோய் இருக்கிறதா என்றும் அங்கேயே தெரிந்துவிடும்.